மெடிக்கெய்ட் பில் திரும்பி வருதா, முதல்ல கன்சென்ட் பாருங்க

அமெரிக்க ஸ்கூல்ல ஸ்பீச் தெரபி குடுக்குற நீங்க, மெடிக்கெய்டுக்கு (குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) போடுற பில்கள்ல ஒரு பையனோடது மட்டும் ஏன் திரும்பி வருதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த ஒரு பையனோட பில்லை மட்டும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் திருப்பி அனுப்புதுன்னா உங்க நோட்ஸ்ல தப்பு தேட வேண்டாம், மெடிக்கெய்டுக்கு பில் போட பெற்றோரோட கன்சென்ட் (சம்மதம்) கையெழுத்து ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. வருஷ நடுவுல வேற டிஸ்ட்ரிக்ட்ல இருந்து வந்தவன்னு சொல்றீங்க, பழைய இடத்துல வாங்குன கன்சென்ட் இங்க செல்லாது, ஐடிஇஏ (சிறப்புக் கல்விக்கான ஃபெடரல் சட்டம்) ரூல்படி புதுசா வாங்கணும், அதுக்கு முன்னாடி அவங்க உரிமை என்னன்னு எழுத்துல நோட்டீஸும் குடுக்கணும்.

கையெழுத்து இருந்தும் திரும்பி வந்தா ஐஇபி-யையும் (அந்தப் பையனுக்குன்னு எழுதின தனிக் கல்வித் திட்டம்) நீங்க தெரபி குடுத்ததை எழுதி வெக்கிற லாக்கையும் பக்கத்துல வெச்சு பாருங்க. ஐஇபி-ல தனியா 30 நிமிஷம்னு இருந்து நீங்க குரூப்னு போட்டிருந்தா அங்கயே மாட்டிக்கும்.

தயவுசெஞ்சு பழைய தேதி போட்டு கையெழுத்து வாங்காதீங்க, ஆடிட்ல வந்தா பணத்தை திருப்பிக் கட்டணும். பெற்றோர் மாட்டேன்னு சொன்னாலும் தெரபிய நிறுத்தக் கூடாது, இத அவங்ககிட்ட வாயாலயும் சொல்லுங்க, பயந்துபோய் கையெழுத்து போடுறவங்க நிறைய பேர்.

2014-க்கு அப்புறம் ஐஇபி இல்லாத பசங்களுக்கும் பில் பண்ணலாம், ஆனா உங்க ஸ்டேட் மெடிக்கெய்ட் பிளான்ல அதுக்கு இடம் இருக்கணும், அத பில்லிங் ஆபீஸ்ல கேட்டுட்டு பண்ணுங்க.