வாடகை இல்லாத கடையா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே பேஸ்புக், வட்ஸ்அப் வழியாக சாறி விற்கிறேன். மாதம் 40, 50 ஓடர் வருகிறது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்திருக்கிறது, எடுப்போம் என்கிறார் கணவர். ஒன்லைனில் வாடகையே இல்லாமல் ஓடும்போது கடை எதற்கு அக்கா?

பதில்: கடை வேண்டாம், தங்கச்சி. ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை. ஒன்லைனிலும் வாடகை உண்டு. மொத்தமாகக் கேட்காமல் பார்சலுக்குப் பார்சல் கழித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து பிளவுஸ் விற்ற காலத்தில் ஒரு மாதம் 60 பார்சல் அனுப்பினேன். எல்லாம் கேஷ் ஒன் டெலிவரி. 11 திரும்பி வந்தது. ஒருவர் போனையே எடுக்கவில்லை. இன்னொருவர், "மகள் விளையாட்டாக அமத்திப்போட்டாள்" என்றார். கூரியர் கூலி என் தலையில். (அதில் இரண்டை இன்னும் நானே உடுத்துகிறேன், கை கொஞ்சம் இறுக்கம்.)

விளம்பரச் செலவு அடுத்தது. என் கார்ட்டில் அது டொலர் கணக்கில்தான் வெட்டுப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சத்தில் இருந்த டொலர், மே மாதம் 360 வரை போனது. அதே பிளவுஸ், அதே படம், விளம்பரத்துக்கு மட்டும் ஒன்றே முக்கால் மடங்கு காசு. பெட்ரோல் கியூவில் கூரியர் பொடியன்கள் நின்ற நாட்களைச் சொல்லவே வேண்டாம்.

புறக்கோட்டை வாடகையில் பாதி, கோட்டை ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் இறங்கி வருகிற சனத்துக்காகத்தான். சாறியைத் தொட்டுப் பார்த்து, பேரம் பேசி, மொத்தமாகக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். 50 ஓடரை வைத்துக்கொண்டு அந்த வாடகையும், கடை எடுக்கும்போதே மொத்தமாகக் கொடுக்கிற கீ மணியும் தாங்காது.

இப்போதைக்குப் புது வாடிக்கையாளரிடம் பாதிக் காசை முதலிலேயே வங்கிக்குப் போடச் சொல்லுங்கள். சிலர் கழன்றுவிடுவார்கள், கழரட்டும். திரும்பி வரும் பார்சலுக்கென்று தனிக் கொப்பி வையுங்கள். அப்புறம், கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் பார்த்து வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்கும், போனில் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுகிற லங்கா கியூஆரும் எடுங்கள். நாளைக்குக் கீ மணிக்குக் கடன் கேட்டுப் போனால் மனேஜர் புரட்டிப் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். என் பேஸ்புக் பக்கத்து லைக்குகளை ஒரு மனேஜரும் கேட்டதில்லை.