ஒரே படமா, இரண்டு படங்களா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். இந்த விடுமுறையில் ஒன்பது வயது மகளை வைத்துக்கொண்டு பிக்ஸார் நிறுவனத்தின் அனிமேஷன் படங்களை 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி'யிலிருந்து வரிசையாகப் பார்த்தோம். ஒன்றிரண்டுதான் பாக்கி. முதல் பதினைந்து ஆண்டுகளில் வந்த படங்களையும் அதற்குப் பிந்தியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தரம் நன்றாகவே இறங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று எடுத்துத் தள்ளியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என் கணவர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். "படம் அப்படியேதான் இருக்கிறது, நமக்குத்தான் வயதாகிவிட்டது" என்பது அவர் கட்சி.

'தி குட் டைனோசர்' பாதியில் இயக்குநரை மாற்றியதால்தான் கெட்டுப்போனது என்று படித்தேன். எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. ஆனால் மணலில் குச்சிகளை நட்டுவைக்கும் காட்சி வந்தபோது என் மகள் தின்றுகொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் பார்த்தாள். சுமாரான படத்தில் இப்படி ஓர் இடம் எப்படி வந்தது? 'இன்சைட் அவுட் 2' அள்ளிக் குவித்ததையும் 'எலியோ' விழுந்ததையும் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? உங்கள் வரிசை என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் கையில் இருந்ததைக் கீழே வைத்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அங்கே இருக்கிறது.

ஆர்லோ வெள்ளத்தில் அப்பாவைப் பறிகொடுத்த டைனோசர் குட்டி. கூட வரும் ஸ்பாட் பேச்சே வராத மனிதப் பிள்ளை. குடும்பம் என்றால் என்னவென்று ஆர்லோ சொல்லிப் பார்க்கிறான், ஸ்பாட்டுக்குப் புரியவில்லை. உடனே குச்சிகளை எடுத்து மணலில் நட்டு, அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், நான் என்று காட்டுகிறான். அப்பா குச்சி மட்டும் இப்போது நிற்பதில்லை. ஸ்பாட் அதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறான். தானும் குச்சிகளை நடுகிறான். பிறகு பெரிய குச்சிகள் இரண்டையும் படுக்கவைத்து, மேலே மணலைத் தள்ளி மூடிவிடுகிறான். அவ்வளவுதான். அவனுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்பதை வசனமே இல்லாமல் படம் சொல்லிவிடுகிறது.

அந்த ஒன்றரை நிமிடத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு படமும் அம்மாவுக்கு வேறொரு படமும் ஓடவில்லை. இருவரும் பார்த்தது ஒன்றைத்தான். அவள் தன்னை அந்தச் சின்னக் குச்சியாக நினைத்திருப்பாள். நீங்கள் மூடப்பட்ட பெரிய குச்சியாக உங்களை நினைத்திருக்கலாம். குடும்பத்தோடு பார்க்கும் படத்தை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: பெரியவரும் பிள்ளையும் ஒரே காட்சியில் ஒன்றாக இருக்கிறார்களா, அல்லது பிள்ளைக்குக் கொஞ்சம் துரத்தல், பெரியவருக்குக் கொஞ்சம் கிண்டல் என்று மாற்றி மாற்றிப் பரிமாறுகிறார்களா? 'தி குட் டைனோசர்' மற்ற இடங்களில் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது. அழுகிய பழத்தைத் தின்று இருவருக்கும் தலை கிறுகிறுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் புரிந்துகொண்டு சிரிக்க வேண்டும், பிள்ளைகள் கோணல்மாணலான உருவங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். குச்சிக் காட்சியை எடுத்தவர்களே இதையும் எடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

2015-இல் வந்த 'இன்சைட் அவுட்' முழுக்க முழுக்க முதல் வகை. ரைலி என்ற சிறுமியின் மனதுக்குள் மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து பேர். நம் தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் உவகை, அழுகை, வெகுளி, அச்சம், இளிவரல் ஆகிய ஐந்தும் அப்படியே இங்கே வந்து நிற்பதைக் கண்டபோது எனக்குச் சிலிர்த்தது. அழுகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக இழவைச் சொல்கிறது தொல்காப்பியம். இழவு என்றால் சாவு மட்டும் அல்ல, எதை இழந்தாலும் இழவுதான். பிங் பாங் என்ற கற்பனைத் தோழனின் வண்டியை மறதிப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார்கள். ரைலியும் அவனும் நிலாவுக்குப் போவதற்காக வைத்திருந்த வண்டி. அவன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். மகிழ்ச்சி ஓடிவந்து கிச்சுகிச்சு மூட்டுகிறாள், முகத்தை அஷ்டகோணலாக்கிக் காட்டுகிறாள், விளையாடலாம் வா என்கிறாள். ஒன்றும் பலிக்கவில்லை. துயரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்கிறாள். அவ்வளவுதான், அவன் உடைந்து அழுகிறான். அழுது முடித்துவிட்டு எழுந்து, போகலாம் என்கிறான். அழுகிற பிள்ளையை உடனே சிரிக்கவைத்துவிடப் பார்ப்பவர்கள் நாம் எல்லோரும். அந்த இடத்தில் நம் வேலை என்ன என்று நமக்கும், அழுவதில் தப்பில்லை என்று பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் காட்டுகிறார்கள்.

இந்தக் காட்சி எழுதி வைத்தபடி முதலிலேயே வந்ததும் அல்ல. இயக்குநர் பீட் டாக்டர் வெகுநாள் வரை மகிழ்ச்சியோடு பயத்தைத்தான் பயணம் அனுப்பியிருந்தார். கதை ஓடவில்லை. துணைக்கு வரவேண்டியவள் துயரம் என்று பிறகுதான் பிடிபட்டது. அதன்பின் படத்தைப் புரட்டிப்போட்டார்கள். பிக்ஸாரில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. படங்களை வரைந்து, தற்காலிகக் குரல் கொடுத்து, முழுக்கதையையும் ஸ்டோரி ரீலாக ஓட்டிப் பார்ப்பார்கள். மற்ற இயக்குநர்களும் கதாசிரியர்களும் உட்கார்ந்து எங்கே தொய்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முடிவு இயக்குநருடையது. இப்படிப் பலமுறை அழித்து எழுதிய பிறகுதான் செலவு பிடிக்கும் அனிமேஷன் வேலைக்கே போவார்கள்.

அதனால் இயக்குநரை மாற்றியதால் கெட்டது என்பதை நான் ஏற்கவில்லை. 'ரட்டடூயி'யை ஆரம்பித்தவர் யான் பிங்காவா. முடித்தவர் பிராட் பேர்ட். 'டாய் ஸ்டோரி 2' நேரடியாக வீடியோவில் வெளியிடத் தொடங்கிய படம். பிறகு திரையரங்குக்கு என்று மாற்றி, கதை சரியில்லை என்று கண்டு, ஒன்பதே மாதத்தில் ஏறக்குறைய முழுவதையும் திரும்பச் செய்தார்கள். அந்த அவசரத்தில்தான் ஜெஸ்ஸி என்ற பொம்மை கட்டிலடியில் கிடந்து, வளர்ந்துவிட்ட தன் சிறுமிக்காகக் காத்திருக்கும் அந்தப் பாடல் காட்சி கிடைத்தது. 'தி குட் டைனோசர்' விஷயத்தில் இயக்குநர் மாறினார், வெளியீடும் தள்ளிப்போனது, ஆனாலும் ஆர்லோவின் பயத்துக்கும் வழியில் அவன் சந்திப்பவர்களுக்கும் உறவு ஏற்படவே இல்லை. ஒவ்வொருவராக வருகிறார்கள், போகிறார்கள்.

அதே படத்தின் ஆற்றையும் மேகத்தையும் பாருங்கள், புகைப்படம்போல இருக்கும். படத்தின் நேர்த்தியை வைத்துத் தரம் பார்த்தால் அது முதல் ஐந்தில் வந்துவிடும். 'டாய் ஸ்டோரி' கடைசிக்குப் போய்விடும். அந்தக் காலத்துக் கணினிக்குப் பளபளவென்ற பிளாஸ்டிக் நன்றாக வந்தது. தோலும் முடியும் வரவில்லை. பொம்மைகளைக் கதையாக்கியதில் அதற்கும் பங்கு உண்டு. பொம்மைகளுக்குச் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டியின் முகத்தையும் பக்கத்து வீட்டு நாயையும் இன்று பார்த்தால் மரம்போல இருக்கின்றன. ஆனால் தான் நிஜமான விண்வெளி வீரன் அல்ல, கடையில் விற்கும் பொம்மை என்று பஸ் என்ற பாத்திரம் தொலைக்காட்சி விளம்பரத்தில் தெரிந்துகொள்ளும் இடம் கொஞ்சமும் பழசாகவில்லை.

அடுத்த பாகங்களைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. கணக்கு அப்படித்தான் இருக்கிறது. 1995 முதல் 2009 வரை வந்த பத்துப் படங்களில் தொடர்ச்சி ஒன்றே ஒன்று. 2010 முதல் 2019 வரை வந்த பதினொன்றில் ஏழு பழைய கதைகளின் முன்பாகமோ பின்பாகமோதான். ஆனால் முதல் பத்தில் இருந்த அந்த ஒன்று 'டாய் ஸ்டோரி 2'. பின்னால் வந்த ஏழில் ஒன்று 'டாய் ஸ்டோரி 3'. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பாகம் எடுப்பதே குற்றம் என்று எப்படிச் சொல்வது?

'கார்ஸ்' வரிசையின் முதல் இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். முதல் படத்தைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள், நான் பேசமாட்டேன். இறுதிக் கோட்டுக்குச் சற்று முன்னால் மெக்வீன் என்ற பந்தயக் கார் பிரேக் போட்டு நிற்கிறான். பின்னால் நொறுங்கிக் கிடக்கும் மூத்த வீரரிடம் திரும்பிப்போய் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து பந்தயத்தை முடிக்கவைக்கிறான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும், பணி ஓய்வு பெறப்போகிறவருக்கும் புரியும். இரண்டாம் பாகத்தில் எரிபொருள் சதி ஒன்று ஓடுகிறது. பிள்ளைகளுக்கு அது பிடிபடாது. உளவாளிகள் துரத்துகிறார்கள், நமக்கு அது போரடிக்கும். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் 2001-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கியது. பிக்ஸார் எடுத்த படம் ஒன்று அதன் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறாமல் போனது 'கார்ஸ் 2'இல்தான் முதல்முறை. ஆனால் உலக வசூலில் அது முதல் பாகத்தை மிஞ்சியது. வசூல் பற்றிய உங்கள் கேள்விக்கு இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

'ஃபைண்டிங் நீமோ'வும் 'ஃபைண்டிங் டோரி'யும் இன்னும் நுணுக்கமான ஒப்பீடு, ஏனென்றால் இரண்டுமே ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கிய படங்கள். மனைவியையும் நூற்றுக்கணக்கான முட்டைகளையும் இழந்து, மிஞ்சிய ஒரே முட்டையை ஏந்தி நிற்கும் மார்லின் என்ற அப்பா மீன், மகன் நீமோவுக்கு எதுவும் நடக்க விடமாட்டேன் என்கிறார். எதுவுமே நடக்காவிட்டால் அவனுக்கு வாழ்க்கையில் எதுவுமே நடக்காதே என்று பிறகு கூட வரும் மறதிக்கார மீன் டோரி கேட்கிறாள். கடைசியில் மீன்வலைக்குள் போகிறேன் என்று நீமோ சொல்லும்போது மார்லின் விடவேண்டியிருக்கிறது. படத்தின் முதல் நிமிடத்தில் போட்ட முடிச்சு அங்கே அவிழ்கிறது. 'ஃபைண்டிங் டோரி'யில் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் சிப்பிகளை வரிசை வரிசையாக அடுக்கிவைத்து, மறதிக்கார மகள் என்றாவது அந்தத் தடம் பிடித்து வருவாள் என்று காத்திருக்கும் காட்சி நீமோவுக்குச் சமமாக நிற்கும். அதன்பிறகு ஆக்டோபஸ் லாரி ஓட்டக் கிளம்பிவிடுகிறது. அங்கே படம் இரண்டாகப் பிரிகிறது.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். வயது கூடும்போது நாம் பார்ப்பது மாறுகிறது, உண்மைதான். 'அப்' படத்தில் கார்லும் எல்லியும் பேச்சில்லாமல் வாழ்ந்து முடிக்கும் அந்த நான்கரை நிமிடத்தை நான் முதலில் பார்த்தபோது கலங்கியது ஓர் இடம். இப்போது கலங்குவது வேறிடம். உண்டியலில் சேர்த்த பயணக் காசை ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு செலவுக்காக உடைக்கிறார்களே, அங்கேதான் இப்போது தொண்டை அடைக்கிறது. ஆனால் வயது காரணம் என்றால் உங்கள் மகளுக்குப் புதிய படங்கள் எல்லாமே பிடித்திருக்க வேண்டும். குச்சிக் காட்சியில் மட்டும் அவள் அசையாமல் இருந்தாள் அல்லவா? தரம் அவளுக்கும் தெரிகிறது.

'இன்சைட் அவுட் 2' 160 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது. நல்ல படம், முதல் பாகத்துக்கு ஒரு படி கீழே வைப்பேன். பதற்றம் என்ற புது உணர்ச்சி கட்டுப்பாட்டு மேசையைச் சுற்றிச் சூறாவளியாய்ச் சுழன்று, நடுவில் கண்ணில் நீரோடு உறைந்து நிற்கும் இடம் பிக்ஸார் செய்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. ஆனால் ஆங்கிலத்தில் கிண்டலுக்கான 'sarcasm' என்ற சொல்லை 'sar-chasm' என்று பிளந்து ஒரு பள்ளத்தாக்காக்கும் சிலேடை போன்றவை பெரியவர்களுக்கென்று தனி இலையில் வைத்தவை. 2025-இல் வந்த 'எலியோ'வின் தொடக்க வசூல் இந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைவு. அதைக் காரணம் காட்டித் தவிர்த்துவிடாதீர்கள்.

என் வரிசை: 'இன்சைட் அவுட்', 'ஃபைண்டிங் நீமோ', 'கோகோ', 'டாய் ஸ்டோரி 2', 'ரட்டடூயி'. ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பாக்கியிருக்கும் ஒன்றிரண்டில் 'கோகோ' இருந்தால் அதை முதலில் போடுங்கள். அதில் ஒரே பாட்டு மூன்று விதமாக வருகிறது. மேடையில் ஒரு பிரபலப் பாடகர் ஆரவாரத்தோடு பாடுகிறார். பிறகு அதையே ஒரு தகப்பன் தன் குட்டி மகளுக்குத் தாலாட்டாகப் பாடுகிறான். கடைசியில் நினைவு தப்பிக்கொண்டிருக்கும் கொள்ளுப்பாட்டியின் முன் ஒரு சிறுவன் பாடுகிறான். அவள் விரல் மெல்ல அசைகிறது. அந்த மூன்றாவது தடவையில் திரையை விட்டுவிட்டு உங்கள் மகள் முகத்தைப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.