நீதிபதி பெண்ணாக இருந்தால் என்ன?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் நவநீதம் பிள்ளை தமிழ் வம்சாவளி என்பதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ஐ.நா.வின் ருவாண்டா தீர்ப்பாயத்தில் ‘முதல் பெண் நீதிபதி’ என்று எதற்கு இவ்வளவு ஆரவாரம்? சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? நீதிபதி ஆணாக இருந்தால் என்ன, பெண்ணாக இருந்தால் என்ன?

பதில்: சட்டம் ஒன்றுதான். ஆனால் சாட்சி சொல்வதில் எதைக் காதில் வாங்குவது, எதை மேலே கேட்பது என்பதைச் சட்டம் முடிவு செய்வதில்லை, நீதிபதிதான் செய்கிறார்.

1997-ஆம் ஆண்டின் தொடக்கம். ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் தான்சானியாவின் அருஷாவில் நடக்கிறது. கூண்டில் நிற்பவர் அகாயேசு, தாபா என்ற ஊரின் மேயராக இருந்தவர். குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, சித்திரவதை இருந்தது. பாலியல் வன்முறை பற்றி ஒரு வரி கூட இல்லை. பெயர் மறைக்கப்பட்ட ஒரு தாய் சாட்சி சொல்ல வந்தார். தன் ஆறு வயது மகளை மூன்று பேர் வன்புணர்ந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வழக்கு நடத்திய தரப்பு கேட்டு வந்த பதில் அல்ல அது. நீதிபதிகள் அதை அப்படியே கடந்து போகவில்லை, மேலே கேட்டார்கள். மார்ச்சில் இன்னொரு பெண் வந்து தனக்கே நேர்ந்ததைச் சொன்னார். ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

1998 செப்டம்பர் 2-இல் தீர்ப்பு வந்தது. வன்புணர்வும் ஓர் இனத்தை அழிக்கும் வழியாக இருக்க முடியும் என்று சர்வதேச நீதிமன்றம் ஒன்று முதன்முதலில் சொன்னது அன்றுதான். ஆயுதம் ஏந்திய கும்பல் சூழ்ந்து நிற்கிற இடத்தில் அடி, உதை நடந்ததா என்று தேட வேண்டியதில்லை, அந்தச் சூழலே பலாத்காரம்தான் என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் இருவர் ஆண்கள், மூன்றாமவர் நவநீதம் பிள்ளை. தீர்ப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் நான்கு ஆண்டுகள் அந்தத் தீர்ப்பாயம் முழுவதிலுமே பிள்ளை ஒருவர்தான் பெண் நீதிபதி. அவரும் இல்லாத ஓர் அமர்வை நினைத்துப் பாருங்கள். அந்தத் தாய் சொன்னது என்ன ஆகியிருக்கும்?

பெண்ணாகப் பிறந்தாலே இந்தக் காது வந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நவநீதம் பிள்ளை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள். வெள்ளையர் அல்லாத ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள எந்தச் சட்ட நிறுவனமும் முன்வராததால் 1967-இல் தனியாக அலுவலகம் திறந்தார். ராபன் தீவில் அடைபட்டிருந்த அரசியல் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 1973-இல் வழக்காடிப் பெற்றுத் தந்தார். வழக்கறிஞராக இருந்த 28 ஆண்டுகளும் நீதிபதியின் அறைக்குள் நுழைய அவருடைய நிறம் இடம் தரவில்லை. 1995-இல் தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போனபோது, அவர் முதன்முதலில் நுழைந்த நீதிபதி அறை அவருடையதேதான். வாசலிலேயே நிறுத்தப்பட்டு நிறுத்தப்பட்டுப் பழகியவருக்குத்தான் வாசலில் நிற்பவரின் குரல் கேட்கும்.

அப்புறம் அவர் அதே தீர்ப்பாயத்தின் தலைவரானதும், ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனதும், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்ததும் நீங்கள் அறிந்ததுதான்.

‘நமக்கெல்லாம் பெருமை’ என்கிறீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. 2013 ஆகஸ்டில் அவர் இலங்கைக்குப் போனபோது, தமிழர் என்பதால் பாரபட்சமாகப் பேசுகிறார் என்று அங்கே வசைபாடினார்கள். நான் தென்னாப்பிரிக்கர், அதில் எனக்குப் பெருமை என்று கொழும்பிலேயே பதில் சொன்னார். இலங்கை அரசு எதேச்சாதிகாரத்தின் பக்கம் போகிறது என்று எச்சரித்த அதே அறிக்கையில், விடுதலைப் புலிகளையும் கொலைகார அமைப்பு என்று கடுமையாகக் கண்டித்தார். நம்மவர் என்று அவரைக் கொண்டாடுகிற நம் பத்திரிகைகளில் பல முதல் பாதியை மட்டும்தான் எடுத்து வைத்துக்கொண்டன. இரண்டாவது பாதியையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள முடிந்தால் தாராளமாகப் பெருமைப்படுங்கள்.