பைக் ஸ்பீக்கர், ஹெல்மட் ஹெட்செட்: மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஹட்டன் வாசகர்: அண்ணா, மோட்டார் சைக்கிளில் புளூடூத் ஸ்பீக்கர், ஹெல்மட்டில் ஹெட்செட், இரண்டும் பூட்டியிருக்கிறேன். பாட்டு ஒன்றில்தான் கேட்கிறது. அழைப்பு வந்தால் ஸ்பீக்கர் ஊருக்கே ஒலிபரப்புகிறது. போன் பழுதா?

போனில் பழுதில்லை, தம்பி. புளூடூத்தில் பாட்டு போகும் வழி வேறு, அழைப்பு போகும் வழி வேறு. முன்னதற்கு ஏ2டிபி என்று பெயர், பின்னதற்கு எச்எஃப்பி. இரண்டு கருவிகள் இணைந்திருந்தாலும் போன் வழக்கமாகப் பாட்டை ஒன்றுக்குத்தான் அனுப்பும். ஆனால் வழிகளைப் பிரித்துக் கொடுக்க முடியும். ஆண்ட்ராய்ட் போனில் புளூடூத் பட்டியலைத் திறந்து, ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொடுங்கள். அழைப்புக்கு ஒரு சுவிட்ச், மீடியாவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். ஸ்பீக்கருக்கு அழைப்பை அணையுங்கள். ஹெட்செட்டுக்கு மீடியாவை அணையுங்கள். இனி மாமியார் பேசுவது உங்கள் காதோடு நிற்கும்.

ஒரு சங்கடம் உண்டு. கூகுள் மேப்ஸின் குரலும் மீடியா கணக்கில்தான் சேரும். வழி கேட்டுக்கொண்டு ஓடும் நாளில் மீடியாவை ஹெட்செட்டுக்கே மாற்றிவிடுங்கள். ஐபோனில் இந்தச் சுவிட்சுகள் இல்லை. அழைப்பு வரும்போது ஒலி எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம்.

நுவரெலியா வாசகர்: இரண்டிலும் ஒரே நேரத்தில் பாட்டுக் கேட்க வழியே இல்லையா?

சாம்சங்கில் 2017இல் வந்த கேலக்ஸி எஸ்8 முதல் அந்த வசதி இருக்கிறது. ஆனால் இரண்டு கருவிகளும் ஒரே கணத்தில் ஒலிக்காது. ஒன்று சற்றுப் பிந்தும். பாட்டு எதிரொலி போலக் கேட்கும். எனக்கு அது தலைவலி.

பண்டாரவளை ஆசிரியை: ஹெட்செட்டை முழுச் சத்தத்தில் வைத்தும் பேச்சு புரியவில்லை. எதிர்முனையில் இருப்பவருக்கோ காற்று மட்டும்தான் கேட்கிறதாம்.

சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, டீச்சர். இடத்தை மாற்ற வேண்டும். ஹெல்மட்டை அணிந்துகொண்டு ஒரு விரலை உள்ளே விட்டு, காதுத் துளை எங்கே வருகிறது என்று தடவிப் பாருங்கள். ஹெல்மட்டுக்குள் ஒட்டிய ஹெட்செட் ஸ்பீக்கர் அதற்கு ஒரு விரற்கடை பின்னால் இருந்தாலே பேச்சு மங்கிவிடும். மைக் உதட்டோரத்தைத் தொடும் அளவுக்கு இருக்கட்டும். அதன் பஞ்சு உறையைக் கழற்றாதீர்கள். காற்றைத் தடுப்பது அதுதான்.

மஸ்கெலியா வாசகர்: எங்கள் மழைக்கு எது தாங்கும்?

பெட்டியில் ஐபி67 என்று இருந்தால் ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும். ஐபிஎக்ஸ்4 தெறிக்கும் நீருக்குத்தான். எதுவானாலும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக அழுந்தியிருக்க வேண்டும். நம் வீடுகளில் நனைந்ததெல்லாம் அடுப்புக்கு மேலே ஏறிவிடும். ஹெட்செட்டை மட்டும் ஏற்றாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பட்டரி, சூடு ஆகாது. துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள்.

தலவாக்கலை வாசகர்: ஸ்பீக்கர் பூட்டிய பிறகு காலையில் பைக் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

வயரை நேரே பட்டரியில் கொடுத்திருப்பார்கள். சாவியை எடுத்த பிறகும் ஸ்பீக்கர் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும்படி ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக இணைக்கச் சொல்லுங்கள். பட்டரிக்கு அருகே பியூஸ் கட்டாயம்.

ஹப்புத்தளை வாசகர்: இறக்கத்தில் எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

வளைவுக்கு அப்பால் பஸ்காரர் அடிக்கும் ஹோர்ன் தெளிவாகக் கேட்கும் அளவுக்குத்தான். மூடுபனியில் பாட்டை நிறுத்திவிடுங்கள். கொழுந்து லொறி கண்ணில் படுமுன் காதில் பட வேண்டிய பாதை அது.

நோர்வூட் வாசகர்: தோட்டத்துக்குள் சிக்னல் போனால் ஹெட்செட்டும் நின்றுவிடுமா?

நிற்காது. புளூடூத்துக்கு டவர் தேவையில்லை. பாட்டையும் வரைபடத்தையும் வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அழைப்பு மட்டும்தான் வராது.