இளமையாகவே இருக்க வேண்டும் என்ற இந்தக் காலத்து மோகத்தை ஒரு கிறிஸ்தவராக எப்படிப் பார்க்கிறீர்கள்?

முதலில் தலைச்சாயத்தை முடித்துவிடுகிறேன். இந்தப் பேச்சு வந்தாலே எங்கள் பாம்பன் பக்கத்தில் "அப்போ டை அடிக்கிறது பாவமா?" என்றுதான் கேட்பார்கள். பாவமில்லை. ஒரு முடியைக்கூட வெள்ளையாக்கவோ கறுப்பாக்கவோ உன்னால் முடியாது என்று இயேசு சொன்னது (மத்தேயு 5:36) தலைமேல் ஆணையிடுவதைப் பற்றி. திருவிழாவுக்கு முந்தின நாள் நானும் அடிக்கிறவன்தான்.

சுருக்கம், நரை என்று நாம் பயந்தாலும் உள்ளே இருக்கிற பயம் வேறு. இன்னொருவர் கையை எதிர்பார்க்கிற நாள் வந்துவிடுமோ, யாருக்கும் வேண்டாதவனாகிவிடுவோமோ என்பதுதான் அது. பைபிள் இதைப் பூசி மெழுகவில்லை. யோவான் 21-ல், உயிர்த்த இயேசு கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் கொடுத்துச் சாப்பிட வைத்துவிட்டு, பேதுரு என்ற மீனவரிடம் சொல்கிறார்: இளவயதில் நீயே இடுப்பைக் கட்டிக்கொண்டு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனாய், வயதானபின் கையை நீட்டுவாய், வேறொருவன் உன்னைக் கட்டி உனக்குப் பிடிக்காத இடத்துக்குக் கொண்டுபோவான். பேதுரு சாகப்போகிற விதத்தைக் குறித்த பேச்சு இது என்று யோவானே அடுத்த வரியில் எழுதிவிடுகிறார். ஆனாலும், வாடைக்காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே வலை விட்ட ஒரு பெரியவரை இப்போது பேரன் கைத்தாங்கலாகப் பூசைக்குக் கூட்டி வருவதைப் பார்க்கிற எங்களுக்கு அந்த வசனம் இன்னொரு விதமாகவும் கேட்கிறது. அதற்குப் பிறகு ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. "என்னைப் பின்தொடர்" என்கிறார், அவ்வளவுதான். பிறர் கையைப் பிடித்து நடக்கிற காலத்திலும் சீடனாக இருக்கலாம், அது வீணான காலம் கிடையாது. இந்த மோகத்துக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் பக்கத்துச் சின்னப்பாலம் ஊர்ப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். அதிலிருந்து அகர் என்ற, கூழ்போல் உறையும் பொருளை எடுக்கிறார்கள். அகர் மருந்து, ஜெல்லி என்று பலதுக்கும் போகும், முகத்தில் பூசும் கிரீம்களிலும் சேர்ப்பது உண்டு (சுருக்கத்தைப் போக்க இல்லை, கிரீமைக் கெட்டியாக்கத்தான்). உப்புத்தண்ணீரிலும் வெயிலிலும் சீக்கிரமே முகம் வாடிப்போனவர்கள் எடுத்த பாசி, வாடாத முகம் வேண்டும் என்பவர்களின் டப்பாவுக்குள் போய் உட்காரலாம். உயிர்த்த உடலிலும் ஆணிக்காயம் இருந்தது, நம்ப மறுத்த சீடர் தோமாவிடம் அதைக் காட்டவும் செய்தார் இயேசு. அப்படிப்பட்ட கடவுள் இந்தப் பெண்களின் விரல் வெட்டுகளைத் துடைத்துப் பளபளப்பாக்கித்தான் தன்னிடம் சேர்த்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக வயதானாலே புண்ணியம் வந்துவிடும் என்று சொல்லவில்லை. நரைமுடியை மணிமுடி என்று சொல்லும் பைபிளின் நீதிமொழிகள் நூலே, அது நேர்மையான வழியில் வர வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஓரியூரில் 1693-ல் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்ட புனிதர் அருளானந்தருக்கு (ஜான் டி பிரிட்டோ) அப்போது 46 வயதுகூட நிறையவில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று மீசை முளைக்காத பையன் நெற்றியிலும் சாம்பல் பூசி, மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொல்கிறோம். ஆனால் செத்தபிறகு நாங்கள் அடிக்கிற கண்ணீர் அஞ்சலி பேனரைப் பாருங்கள்! எண்பது வயதுத் தாத்தாவுக்கு நாற்பது வயதுப் படம், அதையும் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கி, எங்கிருந்தோ ஒரு கோட்டும் மாட்டி விட்டிருப்பார்கள். எனக்கு அடித்தால் கடைசியாக எடுத்த படத்தையே போடச் சொல்லி வீட்டில் சொல்லியிருக்கிறேன். "சரிப்பா, ஆனா அதுல நல்லாவே இருக்க மாட்டீங்க" என்கிறாள் மகள்.