ஒட்டிக்கொண்ட இந்திய உணவு முத்திரைகள்: தண்ணீரில் போடலாமா?

போடவேண்டாம். பயன்படுத்தாத தபால் முத்திரையைத் தண்ணீரில் போட்டால் பிரிந்துவிடும், ஆனால் பின்பக்கப் பசை முழுவதும் கரைந்து போய்விடும். சேகரிப்பாளர் பார்ப்பது அந்தப் பசையைத்தான்.

2017 நவம்பரில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட, உணவுப் படங்கள் கொண்ட 24 முத்திரைத் தொகுதியில் இட்லி-தோசை முத்திரையும் பொங்கல் முத்திரையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்கிறீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து வீடு, அல்பத்தின் மேல் வேறு புத்தகங்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஈரக்காற்றும் பாரமும் சேர்ந்தால் பசை இளகாமல் என்ன செய்யும்?

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஈர ஸ்பொஞ்ச் வையுங்கள். அதற்கு மேல், ஈரம் நேரே படாதபடி ஒரு கம்பி வலை, வலைமேல் முத்திரைகள். மூடிவிட்டு அரை மணிக்கொரு தடவை பாருங்கள். ஓரம் தானாகத் தூக்கினால் மட்டும் தட்டை முனைச் சாமணத்தால் மெல்லப் பிரியுங்கள். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். பிரிந்தபின் பசைப்பக்கம் மேலே இருக்க உலரவிடுங்கள்; உடனே புத்தகத்துக்குள் வைத்தால் மறுபடி ஒட்டும்.

முதலில் விலையில்லாத பழைய முத்திரை இரண்டை வைத்துப் பழகுங்கள். பொங்கல் முத்திரைக்கு அவசரமில்லை.

பிரிந்தாலும் பசையின் மினுக்கம் கொஞ்சம் குறையும். விற்கும் எண்ணமிருந்தால் வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அல்பத்தை இனி நிமிர்த்தி வையுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.