பால், தயிர் இல்லாமல் வீட்டில் என்ன சமைப்பது?

பால், தயிர், பட்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், இனி தினமும் என்னத்தைச் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்குப் பால் ஒவ்வாமை. திருகோணமலையில் எங்கள் வீட்டில் நடப்பதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் டொக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள்: லாக்டோஸ் செரிக்காத பிரச்சினையா, பால் புரத ஒவ்வாமையா? லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காத பலருக்கும் தயிர் கொஞ்சம் ஒத்துப்போகும், புளிக்கும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒவ்வாமை என்றால் ஒரு கரண்டி மோரும் கூடாது. கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் வேறு பால்தானே, கொடுத்துப் பாருங்களேன் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். பசுப்பால் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோருக்கு எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் ஆகாது.

சாப்பாட்டுக்கு நீங்கள் பயப்படத் தேவையே இல்லை. இடியப்பம், புட்டு, சம்பல், மீன் குழம்பு, பருப்பு, கீரை, இதில் எதில் மாட்டுப்பால் இருக்கிறது? வட்டிலப்பம்கூட தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும்தான். சொதியை நன்றாக வைக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் தேங்காயின் இரண்டாம் பாலில் அவிய வேண்டும், முதற்பாலைக் கடைசியில் விட்டு, கரண்டியால் ஆத்திக்கொண்டே இருந்து, ஓரத்தில் நுரை எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும், தேசிக்காய் இறக்கியபிறகுதான். அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் திரைந்துபோகும். தயிர்ப் பச்சடிக்கு ஆசை வந்தால் கெட்டியான முதற்பாலில் உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து வெள்ளரிக்காயைக் கலந்து சற்றுநேரம் வையுங்கள், சோற்றுக்கு அருமையாக இருக்கும்.

கஷ்டம் தேத்தண்ணியில்தான். பால்மா போட்டுக் குடித்துப் பழகிய வாய்க்கு வெறும் சாயம் இறங்காது. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீயும் ஒரு கடி கருப்பட்டியும், இல்லாவிட்டால் கொத்தமல்லித் தண்ணி, இப்படித்தான் நாங்கள் மாறினோம். சோயாப் பாலும் விட்டுப் பார்க்கலாம், கொதிக்கக் கொதிக்க விட்டால் திரையும், கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். தேங்காய்ப்பால் ருசிக்குத்தான் பாலுக்குப் பதில், சத்துக்கு இல்லை. அதில் கல்சியமும் புரதமும் மிகக் குறைவு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும், அதை வேறு வழியில் சேர்த்தாக வேண்டும். எங்கள் ஊரில் அதற்குக் குறையில்லை. சூடை, நெத்தலி போன்ற சின்ன மீனை முள்ளோடு மொறுமொறுவென்று பொரித்துச் சாப்பிடுங்கள், கல்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. ரின் மீனின் மெத்தென்ற முள்ளையும் எறியாதீர்கள். குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, ஆகவே வாரத்தில் சில நாள் குரக்கன் புட்டு. முருங்கையிலை வறை, எள்ளுருண்டை (தோல் நீக்காத எள்ளு), இவையும் நல்லது. சைவம் என்றால், கல்சியம் சேர்த்தது என்று பெட்டியில் எழுதியிருக்கும் சோயாப் பாலாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பாலுக்குப் பதிலாக இது எதுவும் சரிவராது, பாலாகக் கொடுப்பது தாய்ப்பால் அல்லது டொக்டர் எழுதித்தரும் குழந்தை மா மட்டும்தான். தாய்ப்பால் கொடுத்தால் அம்மாவும் பாலை நிறுத்த வேண்டுமா என்பதை அவரிடமே கேளுங்கள்.

அப்புறம், கடைச் சாமான். பிஸ்கட், பணிஸ், சொக்லேட், சில மாஜரின், சூப் பைக்கற்று, இவற்றில் பால் ஒளிந்திருக்கும். பால் திண்மங்கள், வே, கேசின், கேசினேட் (எல்லாம் பாலிலிருந்து வருபவைதான்) என்று எது எழுதியிருந்தாலும் ஒவ்வாமைக்காரருக்குக் கொடுக்காதீர்கள். பேக்கரியில் உறையில்லாமல் விற்கும் பணிஸை நான் வாங்குவதே இல்லை. சாப்பாட்டுக் கடையில் தோசைக்கு நெய் தடவுவார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள். தைப்பொங்கலுக்கு எங்கள் பானையில் பொங்குவது தேங்காய்ப்பால்தான், கஜுவையும் பிளம்ஸையும் தேங்காயெண்ணெயில் வறுத்துப் போடுகிறோம், மகள் எல்லோருக்கும் முதல் தட்டை நீட்டுவாள்.